சனிக்கிழமை ரொட்டி

ஒரே கட்டிலில் இருபத்திரண்டு வருஷமாகப் படுக்கிறார்கள். ஒரே நேரத்தில் தூங்கியது கிடையாது. கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது நடந்ததுதான்.

அவர் ரொட்டிக்கடையில் ராத்திரி வேலைக்காரர். சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் மாவில் கை வைத்தால், விடிந்து ஆறு மணிக்குத்தான் கையைக் கழுவுவார். அவளுக்குச் சலவைக்கடையில் பகல் வேலை. அவள் ஐந்தரைக்கு எழுந்திருப்பாள். போர்வையில் அவள் விட்டுப்போன சூடு ஆறுவதற்குள் அவர் வந்து அதற்குள் நுழைந்துகொள்வார். சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். "டீ மூடி வச்சிருக்கேன்" என்பார். "மப்ளர் எடுத்துக்கிட்டீங்களா" என்பாள். பாதிக் குடும்பம் இந்த இரண்டு வார்த்தையிலேயே ஓடிவிட்டது. ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. அது எப்படி என்று கேட்கக் கூடாது. அதற்கெல்லாம் நேரம் தானாக வந்துவிடுகிறது.

வாரத்தில் ஒரு ராத்திரி, செவ்வாய், அவருக்கு லீவு உண்டு. ஆனால் ஆந்தைக்கு லீவு விட்டால் கண் மூடிவிடுமா? கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவார். ஆணி அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆணி அடிப்பார். கீழ்வீட்டில் குடியிருக்கும் அவருடைய தங்கை காலையில் மாடிப்படியில் பிடித்துக்கொள்வாள்.

"அண்ணி, எங்க அண்ணனைக் கொஞ்சம் கட்டிப் போடுங்களேன். தலைக்கு மேல ராத்திரி பூரா தச்சு வேலை நடக்குது."

"கட்டிக்கிட்டுதாம்மா இருக்கேன். போடத்தான் முடியல."

சலவைக்கடையில் அவளுக்குப் பாக்கெட் அக்கா என்று பெயர். துணி கைக்கு வந்ததும் முதல் வேலை பாக்கெட்டைத் துழாவுவது. ஒரு பேனா தப்பிப் போனால் நாற்பது சட்டை நாசம். கிடைத்ததை ஓர் உறையில் போட்டு, துணியின் நம்பர்ச் சீட்டோடு ஊக்கால் குத்தி வைப்பாள். துணி வாங்க வருகிறவர்கள் உறையைப் பிரித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, "மத்ததைத் தூக்கிப் போட்டுடுங்க" என்று மேஜை மேலேயே விட்டுப் போவார்கள். அவள் தூக்கிப் போட்டதில்லை. மற்றவர்களுக்குக் குப்பை, அவளுக்கு அது ஊர்.

என்ன ஊர் என்று கேட்டால், பழைய பட்டணம். ரயிலில் இரண்டரை மணி நேரம். அந்தக் காலத்து ராஜாக்கள் கட்டிய கோட்டை, மணிக்கூண்டு, ஆற்றின் மேல் கல்பாலம். குளிர் பிறந்தால் போதும், இங்கே உள்ள புதுசாகக் கல்யாணமானவர்களும், புதுசு போல நடந்துகொள்கிறவர்களும் அங்கேதான் ஓடுவார்கள். திரும்பி வந்ததும் போட்டுப் போன கோட்டுகளைச் சலவைக்குப் போடுவார்கள். கம்பளிக் கோட்டு பொய் சொல்லாது. கோபுரப் படம் போட்ட நுழைவுச் சீட்டு, ஏதோ விடுதியின் சர்க்கரைப் பொட்டலம், காய்ந்த சிவப்பு இலை, ஜோடி தொலைந்த கையுறை, எல்லாம் அதன் பாக்கெட்டிலிருந்து வரும். ஒரு தடவை பாதியாகக் கிழிந்த வரைபடம் வந்தது. அதில் ஆற்றின் ஒரு கரைதான் இருந்தது. அதனால் அவள் மனசில் இருந்த பட்டணத்துக்கும் ஒரே கரைதான். பாலத்தைத் தாண்டினால் வெறும் பனிமூட்டம்.

இதையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள். பன்னிரண்டு வருஷத்து டப்பா. நீராவி முகத்தில் அடிக்க மேஜை முன்னால் நிற்கிறபோது, அந்தப் புகையே பனியாகிவிடும். கல் பாவிய தெருவில் அவள் நடந்துகொண்டிருப்பாள். ஈரக் கல்லில் விளக்கு வெளிச்சம் வெண்ணெய் தடவினது போல மின்னும். மணிக்கூண்டு அடிக்கும். எத்தனை மணி என்று அவள் எண்ண மாட்டாள். கனவில் மணி எண்ணினால் கனவு என்னத்துக்கு ஆகும்?

"அக்கா, துணி கருகுது" என்பார் பக்கத்து மேஜை இஸ்திரிக்காரர்.

"கருகல. நீங்க பொறாமைப்படுறீங்க."

ஒரு நாள் விடுதிச் சீட்டு ஒன்று வந்தது. அட்டையில் ஒரு ஜன்னல் படம். ஜன்னலுக்கு வெளியே ஆறு, உள்ளே இரண்டு நாற்காலி, பின்னால் ஒரு கட்டில், அதன் மேல் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம் போல ஒரு கனத்த போர்வை. கோட்டுக்காரப் பெண் அதையும் தூக்கிப் போடச் சொன்னாள். இவள் அந்தக் கட்டிலைப் பார்த்தாள். வேறு ஊர், வேறு கட்டில், நல்ல குளிர். வெயில் காலத்தில் மனுஷர்கள் கட்டிலின் இரண்டு ஓரத்துக்குப் போய்விடுவார்கள். குளிர்தான் நடுவுக்கு இழுக்கும். அங்கே ஆணி அடிக்கச் சுவர் அவருடையது இல்லை. கழுவப் பாத்திரமும் இல்லை. அங்கே போனால் இந்த மனுஷர் தூங்குவார். அவளும் தூங்குவாள். விடியும்போது இரண்டு பேரும் ஒன்றாகக் கண் விழிப்பார்கள். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. கோட்டை கீழே விழுந்து கிடந்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

மறுநாள் காலை, அவர் மாவுக் கையோடு வந்து டீக்கு உட்கார்ந்தபோது கேட்டுவிட்டாள்.

"குளிர் காலத்துல பழைய பட்டணம் போயிட்டு வரலாமா? நீங்களும் நானும்."

"என்னத்துக்கு?"

"தூங்கறதுக்கு."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "தூங்கறதுக்கு யாராவது ரயில் ஏறுவாங்களா? கட்டில் இங்கதான இருக்கு."

"கட்டில் இருக்கு. நீங்க இருக்கீங்களா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். காதுக்குப் பின்னால் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார்.

"ஒரு ராத்திரி போதுமா?"

"போதாது. முதல் ராத்திரி உங்க கண்ணு இடத்தைப் பழகும். ரெண்டாவது ராத்திரிதான் மூடும். செவ்வாய்க்கிழமை லட்சணத்தை நான் இருபத்திரண்டு வருஷமா பார்க்கறேன். ரெண்டு ராத்திரி. அதுல ஒண்ணு குறைஞ்சாலும் நான் வரமாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். சனிக்கிழமை காலை வண்டியில் போவது, திங்கட்கிழமை மதிய வண்டியில் திரும்புவது. ஜன்னல் அறைக்கு விடுதிக்காரம்மாவிடம் போன் பண்ணிச் சொல்லியாயிற்று. சலவைக்கடையில் கோட்டு சீசன், ஒரு ஆளையும் விட மாட்டார்கள். ஆனால் முதலாளியம்மா அவள் முகத்தைப் பார்த்தார். சனிக்கும் திங்களுக்கும் சரி என்றார். அவர் ரொட்டிக்கடையில், "சனி, ஞாயிறு ரெண்டு நாளும் எனக்கு வேணும்" என்று சொல்லி வாங்கினார். வேறு கடையிலிருந்து ஒரு மாற்று ஆளையும் பேசிவிட்டார்கள். இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு மாசம் திரிந்தார்கள். கீழ்வீட்டுத் தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை.

"புதுப்பொண்ணு மாதிரி இருக்கீங்களே அண்ணி. இந்தக் குளிர்ல மூட்டு வலி வராதா?"

"வந்தா உங்க அண்ணன் தேய்ச்சு விடுவாரு. மாவு பிசைஞ்ச கைதான."

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே முதலாளியம்மா அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். இஸ்திரிக்காரர் அவளுடைய கோட்டைத் தானே வாங்கி, காலர் நிமிர நீராவி பிடித்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"பாக்கெட்டைப் பார்த்துட்டேன்க்கா. ஒண்ணுமே இல்ல. இவ்வளவு காலியான பாக்கெட்டை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல."

"ஏன், என் கை இருக்குமே."

"அது இப்ப வெளியதான இருக்கு?"

அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். தெருவில் அப்போதே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. குளிர் காலத்துச் சாயங்காலம், மூன்று மணிக்கே கொட்டாவி விடும். அவர் தூங்கிக்கொண்டிருப்பார் என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரிக் கதவைத் திறந்தாள். பார்த்தால், மனுஷர் முகம் மழித்து, தலைக்கு எண்ணெய் தடவி, தரையில் செய்தித்தாளை விரித்து ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"தூங்கலையா நீங்க? ராத்திரி பூரா அடுப்பு முன்னால நின்னுட்டு, நாளைக்கு ரயில்ல என் தலை மேல விழப்போறீங்களா?"

"எந்த அடுப்பு? இன்னிக்குதான் எனக்கு லீவாச்சே."

"நாளைக்குத்தான லீவு. சனியும் ஞாயிறும்."

"ஆமா, சனி, ஞாயிறு" என்றார் அவர், பிரஷை நிறுத்தாமல். "சனிக்கிழமை ரொட்டியை எப்ப போடுவோம்? வெள்ளி ராத்திரிதான. அதுக்கு நான் போக வேண்டாம்."

ரொட்டிக்கடையில் கிழமைக் கணக்கே வேறு. வெள்ளி ராத்திரி பிசைகிற மாவுக்குச் சனிக்கிழமை என்று பெயர். ஜனங்கள் எந்தக் கிழமை அந்த ரொட்டியைத் தின்கிறார்களோ, அதுதான் அடுப்பின் கிழமை. அவர் இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார், அவளுக்குத்தான் உறைக்கவில்லை. ஒரே வீட்டில் ஒரே கட்டிலில் இருந்துகொண்டு, மனுஷர் அவளுக்கு அரை நாள் முன்னாலேயே நடந்துபோய்க்கொண்டிருந்திருக்கிறார்.

அவள் செருப்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை ராத்திரி?"

"அது திங்கக்கிழமை ரொட்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பிரஷும் நின்றது. அவருக்கும் புரிந்துவிட்டது. ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் அடுப்பு முன்னால் நின்றாக வேண்டும். இரண்டாவது ராத்திரி போயிற்று.

"போய் மாத்திக் கேளுங்க."

"மாத்து ஆள் இன்னிக்கும் நாளைக்கும்தான் வராரு. ஞாயித்துக்கிழமை அவரு தன்னோட கடைக்குப் போயிடணும்."

கட்டி வைத்த பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த துண்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். அப்புறம் சோப்பு டப்பா. அப்புறம் அவருடைய கம்பளிக் கையுறை. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், அதது இருந்த இடத்துக்குப் போயிற்று. கோபத்தில் தூக்கி எறிகிறவளைச் சமாதானம் செய்துவிடலாம். மடிப்புக் கலையாமல் அடுக்குகிறவளை என்ன செய்வது?

"ஒரு ராத்திரியாவது போயிட்டு வரலாமே" என்றார் அவர்.

"அங்க வந்து ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இருப்பீங்க. அதை நான் செவ்வாய்க்கிழமை இங்கயே பார்த்துக்கறேன். ரெண்டு ராத்திரின்னு சொன்னேன்."

அவர் ஷூவை மாட்டிக்கொண்டார். ஒரு ஷூதான் மின்னியது. இன்னொன்று பாலிஷ் பார்க்காமல் மங்கலாக இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். காலையிலிருந்து தூங்காத கண். வேலை முடிந்து வந்ததும் முடி வெட்டப் போயிருக்கிறார், பல் விளக்கும் பிரஷ் புதுசாக இரண்டு வாங்கியிருக்கிறார், அதற்கு மேல் படுக்கப் பிடிக்கவில்லை. இதெல்லாம் அப்புறம் சொன்னது. அப்போது அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கட்டை விரலைத் தொட்டார், சுட்டு விரலைத் தொட்டார், மறுபடி கட்டை விரலுக்கு வந்தார்.

"இங்க பாரு. இன்னிக்கு ராத்திரி எனக்கு வேலை இல்ல."

"அதான் தெரியுதே."

"நாளைக்கு ராத்திரியும் இல்ல."

"ம்."

"ரெண்டு ஆச்சே."

அவள் கையில் சீப்பு இருந்தது. அலமாரிப் பக்கம் போன கை அப்படியே நின்றது.

"ரூம் நாளைக்குத்தான சொல்லியிருக்கு" என்றாள்.

"ரூம் நாளைக்கு. ஊர் இன்னிக்கே அங்கதான இருக்கும்?"

ஒரு மாசமாகச் சனிக்கிழமை, சனிக்கிழமை என்று ஜபித்தவளுக்கு வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு அடிக்கப் பத்து நிமிஷம். ஐந்தேகாலுக்கு ஒரு வண்டி உண்டு. டப்பாவிலிருந்து விடுதிச் சீட்டை எடுத்து நம்பரை அவர் சொல்லச் சொல்ல அழுத்தினாள்.

விடுதிக்காரம்மாவுக்குத் தூக்கம் கலைந்த குரல். "ஆத்துப் பக்க ரூமா? அதுல ஆள் இருக்காங்கம்மா. நாளைக்கு மத்தியானம்தான் காலி பண்ணுவாங்க. இன்னிக்கு வேணும்னா பின்பக்கத்துல மாடி ரூம் ஒண்ணு இருக்கு. சின்னது."

"ஜன்னல் இருக்கா?"

"இருக்கு. ஆனா பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும்."

"நாளைக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும் ஆத்துப் பக்கம் மாறிக்கலாமா?"

"அவங்க போனா பார்க்கலாம். ரெண்டு ராத்திரின்னுதான உங்களுக்குப் பிடிச்சு வச்சேன், ஒண்ணுன்னா நிச்சயமா சொல்ல முடியாதும்மா. இன்னும் ஒரு நாள் இருந்தாலும் இருப்பாங்க போல. புது ஜோடி."

அவள் சீட்டில் இருந்த படத்தைப் பார்த்தாள். ஆறு, இரண்டு நாற்காலி. எத்தனை நாள் அந்த நாற்காலியில் மனசால் உட்கார்ந்திருக்கிறாள்! வலது பக்கத்து நாற்காலி அவளுடையது. அதன் கால் கொஞ்சம் ஆடும் என்று கூட நினைத்து வைத்திருந்தாள். ஜன்னலா, ராத்திரியா? அவர் அலமாரியிலிருந்து துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கட்டில் எப்படிம்மா? ரெண்டு பேர் படுக்கலாமா?"

"படுக்கலாம். கொஞ்சம் நெருக்கிக்கணும்."

"அப்ப அதையே வச்சிடுங்க" என்றாள் அவள். "ஏழே முக்காலுக்கு வண்டி வந்துடும்."

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். துண்டு உள்ளே போயிற்று, சோப்பு உள்ளே போயிற்று, சீப்பு கையிலேயே இருக்க அதைத் தேடினார்கள். படியில் தடதடவென்று இறங்கிய சத்தத்தில் தங்கை வெளியே வந்துவிட்டாள்.

"நாளைக்குன்னு சொன்னீங்க?"

"நாளைக்குங்கறது இன்னிக்கே ஆரம்பிச்சுடுச்சும்மா. உங்க அண்ணனைக் கேளு, சொல்லுவாரு."

தங்கை உள்ளே போனாள். கதவை முகத்தில் சாத்துகிறாளோ என்று பார்த்தால், வெந்நீர்ப் பையோடு திரும்பி வந்தாள். "இதை வச்சுக்குங்க அண்ணி. மூட்டுக்கு." அப்புறம் அண்ணனைப் பார்த்து, "அந்த ஊர்லயாவது ஆணி அடிக்காம இரு" என்றாள்.

வண்டியில் ஜன்னலோரம் அவளுக்குக் கிடைத்தது. வெளியே இருட்டிவிட்டது. வீடுகளின் விளக்குகள் பனியில் ஊறி, ஒவ்வொன்றும் ஒரு பஞ்சுருண்டை போல மிதந்து போயின. பட்டணத்து ஸ்டேஷனுக்கு முன்னால் ரயில் ஆற்றைக் கடக்கும், அப்போது கல்பாலம் பக்கத்திலேயே தெரியும் என்று யாரோ கடையில் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்க்காமல் கண்ணை மூடுவதில்லை என்று அவள் சபதம் போட்டிருந்தாள்.

"கிழிஞ்ச வரைபடத்துல இல்லாத கரையும் தெரியும்" என்றாள்.

திரும்பிப் பார்த்தால், அவர் தலை அவள் தோளில். காலையில் இருந்து தூங்காத மனுஷர், ஆறு மணி கூட ஆகவில்லை, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். என்ன கழுவினாலும் போகாத ரொட்டி வாசனை, சூடாக, அவள் கழுத்துப் பக்கம் வந்தது. அவர் தூங்குவதை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் துவைத்த துணியோடு அந்த அறைக்குள் போய் வருகிறபோது பார்த்திருக்கிறாள். ஆனால் நின்றுகொண்டு பார்த்தது வேறு. இது பக்கத்திலிருந்து. மூச்சு உள்ளே போனால் அவள் தோளும் கூட ஏறியது.

அவர் மூச்சை அவள் எண்ண ஆரம்பித்தாள். கனவில் மணி எண்ணாதவள், இதை மட்டும் எண்ணினாள். பதினெட்டு வரைக்கும் ஞாபகம் இருந்தது.

அப்புறம் சத்தமே இல்லாத ஒரு நிசப்தம். அதுதான் எழுப்பியது. வண்டி நின்றிருந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்; அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவர் கண்ணும் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. அவர் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தார். அவளும் விழித்தாள். அவள் கன்னத்தில் அவருடைய கோட்டுப் பொத்தான் நாலு ஓட்டையோடு அச்சாகப் பதிந்திருந்தது.

கூடை துடைப்பத்தோடு ஒரு ரயில்வே பெண் வாசலில் நின்றாள். "கடைசி ஸ்டேஷன்மா. இறங்கலையா? உங்களை எழுப்பத்தான் வந்தேன்."

"பாலம் போயிடுச்சா?"

"அது எப்பவோ போயிடுச்சு. நான் அந்தப் பெட்டியிலிருந்து இங்க வந்தப்பவே ரெண்டு பேரும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டிருந்தீங்க."

"ரெண்டு பேருமா?"

"ஆமா."

"இவரும் தூங்கினாரா? நானும் தூங்கினேனா? ஒரே சமயத்துலயா?"

அந்தப் பெண் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என்னம்மா கேள்வி இது? ஒரே சமயத்துலதான். அவரு குறட்டை விட, நீங்க விட, மாறி மாறி."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார். இன்னும் இரண்டு ராத்திரி முழுசாக மிச்சம் இருந்தது. அதில் ஒரு ராத்திரி சுவரைப் பார்த்த ஜன்னல், இன்னொன்று எதைப் பார்த்ததோ தெரியாது. இனி எதைப் பார்த்தால் என்ன?

நடைமேடையில் பனி கால் மட்டத்தில் கிடந்தது. எங்கேயோ உயரத்தில் மணிக்கூண்டு அடித்தது. அவர் ஒரு கையில் பெட்டியைத் தூக்கினார். இன்னொரு கைக்குப் போடக் கையுறையைக் காணோம். பெட்டிக்குள் எடுத்து வைக்க மறந்திருந்தார்கள், அலமாரியிலேயே நின்றுவிட்டது.

"இப்படிக் கொடுங்க" என்று அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.